படகு இழுத்தவர் நடந்த பாதை

நம் குடியிருப்பில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கே தலைக்கவசமும் பின்விளக்குமாக ஏழெட்டுப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டால், "ஏழு மணிக்கு மேல் ஈ.சி.ஆரில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை சார்" என்கிறார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி போட்டிருந்தார். பிரான்ஸ் நாட்டில் ஒரு கால்வாய்க் கரை. இரண்டு பக்கமும் மரம், நடுவில் தண்ணீர், கரையில் நிம்மதியாகச் சைக்கிளில் போகும் ஒரு குடும்பம். கார், லாரி எதுவும் கண்ணில் படவில்லை. "நமக்கெல்லாம் இது எந்த ஜென்மத்தில்?" என்று கீழே எழுதியிருந்தார்.

போன ஜென்மம் வரை போக வேண்டாம், நம் தாத்தா காலத்துக்குப் போனால் போதும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே பாருங்கள். கேளம்பாக்கம் உப்பளங்களுக்கு அப்பால் கோடு போட்டதுபோல் ஒரு நீர்வழி தெரியும். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். நம்மில் பலருக்கு அது கொசுவும் சாக்கடையும்தான். ஆனால் அந்தக் காணொளியில் வந்த கால்வாய்க்கும் இதற்கும் பிறவியிலேயே ஓர் ஒற்றுமை உண்டு.

முதலில் அந்தப் பிரெஞ்சுக் கால்வாயைப் பார்த்துவிடுவோம். பெயர் கனால் டு மிடி. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1666ல் அரசாணை பிறந்து 1681ல் திறக்கப்பட்டது. முன்னின்று செய்தவர் பியர்-பால் ரிக்கே. அவர் பொறியாளர் அல்லர், அரசுக்காக உப்பு வரி வசூலித்தவர். தன் சொத்தையும் அதில் கொட்டினார்; திறப்பு விழாவைப் பார்க்காமல் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். அந்தக் காலத்தில் படகுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் குதிரையோ மனிதனோ கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதற்காகக் கால்வாயோடு சேர்த்துக் கரையில் ஒரு பாதையும் போட்டார்கள். தண்ணீர் சமமாக நிற்கும் இடத்தில் கரையும் சமமாகத்தானே இருக்கும்? மதகு வரும் இடத்தில் மட்டும் சின்ன ஏற்றம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சரக்குப் படகுகள் நின்றன. பாதை மிஞ்சியது. மேடு பள்ளம் இல்லை, மோட்டார் வண்டி இல்லை. சைக்கிள்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 1996ல் யுனெஸ்கோ அந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதை முழுவதும் வழவழப்பான தார் ரோடு என்று நினைக்காதீர்கள். துலூஸ் பக்கத்தில் கொஞ்ச தூரம்தான் நல்ல தளம். அப்புறம் பெரும்பாலும் மண்ணும் மர வேரும்தான். மரங்களுக்கும் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். பிரான்சில் இதுபோல ஆற்றங்கரையிலும், கைவிட்ட ரயில் தடத்திலும் பாதைகள் உண்டு. கிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை பழைய ரயில் தடத்தை 1997ல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். புதிதாக நிலம் வாங்கிச் செய்த வேலை இல்லை. முன்னோர் போட்டுவைத்து உபயோகம் இல்லாமல் கிடந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது நம் கதை. 1806ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பிறகு அது அரசாங்கத்தின் கைக்குப் போய், வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. ஆனால் கூவத்துக்கு வடக்கே ஒரு துண்டு, அடையாற்றுக்குத் தெற்கே ஒரு துண்டு, நடுவில் சுமார் எட்டு கிலோமீட்டர் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது தாது வருஷப் பஞ்சம்.

1876ல் மழை பொய்த்தது. நம் செங்கல்பட்டு ஜில்லா உட்பட மாகாணத்தின் பெரும்பகுதி காய்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து குவிந்தவர்களை வைத்து 1877-78ல் அந்த எட்டு கிலோமீட்டரை வெட்டினார்கள். வடக்கும் தெற்கும் இணைந்தன. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரை 1878ல் சூட்டினார்கள். மண் சுமந்தவன் பெயரையா வைப்பார்கள்?

வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதியவன் நான். எதைப் படித்தாலும் கண் கூலிக் கணக்குக்குத்தான் போகும். 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணப் பஞ்ச வேலைகளுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி இது: ஓர் ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது நம் அளவில் 450 கிராம். மண் வெட்டிச் சுமப்பவனுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். மார்ச் மாதம் ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் என்று ஏற்றினார்கள். இதற்கு இருநூறு வருஷம் முன்னால், ரிக்கே தன் ஆட்களுக்கு மழை நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், நோயில் படுத்த நாளுக்கும் சம்பளம் கொடுத்திருக்கிறார். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். நம் பக்கம், சென்னைக்குத் தெற்கே, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடலோடு உறவுள்ள உப்புநீர்க் கால்வாய் இது. ஆறு குறுக்கிடும் இடங்களில் மதகு வைத்து நீர்மட்டத்தை நிறுத்தினார்கள். உப்பு, சவுக்கு விறகு என்று சென்னையின் அடுப்பும் சமையலும் பல காலம் இந்தத் தண்ணீரை நம்பி இருந்தன. மாமல்லபுரம் பார்க்க வருபவர்களும் இதில்தான் வந்தார்கள். மாலையில் படகு ஏறி, தூங்கி எழுந்தால் மாமல்லபுரம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பாரதிதாசன். 1934ல், ஒரு முழுநிலா இரவில், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர்களோடு சென்னையிலிருந்து படகில் வந்தார். "மாவலிபுரச் செலவு" என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. நிலவும் பனைமரமுமாக ரசித்துக்கொண்டே போகும் கவிதை நடுவில் திடுக்கென்று நிற்கிறது. ஓர் ஆள் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோடு நடந்து இழுக்கிறான். இன்னொருவன் முதுகு வளைந்து பின்னாலிருந்து கோலால் தள்ளுகிறான். காணச் சகிக்கவில்லை என்கிறார் கவிஞர். எனக்கு அந்தக் கவிதை சாட்சிப் பத்திரம் மாதிரி. நம் கால்வாய்க்கும் கரைப்பாதை இருந்தது, அதில் குதிரைக்குப் பதில் மனிதன் நடந்தான். பாரதிதாசன் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையில் அரசுப் பள்ளி ஆசிரியர். பிரெஞ்சுக் கால்வாய்க்குப் பெருமூச்சு விடுகிற நமக்கு, பிரெஞ்சு அரசின் ஆசிரியர் ஒருவர் நம் கால்வாயில் வந்த கதை ஞாபகம் இருக்கட்டும்.

பிறகு நடந்தது சுருக்கம். லாரி வந்தது. 1965, 66 புயல்கள் மண்ணை அடித்துத் தூர்த்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே இறங்கின. மீனவக் கிராமங்களை இணைத்த துண்டு துண்டான சாலைகளை ஒன்றாக்கி 1990களின் கடைசியில் ஈ.சி.ஆர். பிறந்தது. அதற்கு முன் மாமல்லபுரத்துக்குத் திருப்போரூர் வழிதான். பழைய மகாபலிபுரம் சாலை என்ற பெயரே அதைச் சொல்லும். இந்த இரண்டு சாலைகளுக்கும் நடுவில் கால்வாய் கேட்பாரற்றுக் கிடக்கிறது. 2004 சுனாமியில் பல இடங்களில் அலைநீரைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டது. அப்போது நன்றி சொன்னோம். 2008ல் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். நம் பக்கத்தில் இன்றுவரை ஒரு சரக்குப் படகையும் நான் பார்த்ததில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கரையில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கி நடந்து பார்த்திருக்கிறேன். சில இடம் நடக்கத் தோதான மண்மேடு, சில இடம் சீமைக் கருவேலம் அடைத்த முள்காடு. தார் வேண்டாம், விளக்கு வேண்டாம். முள்ளை வெட்டி, மண்ணைத் தட்டிப்போட்டாலே நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஈ.சி.ஆருக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பிரான்சில் படகுக்காரர்கள் போன பிறகு கரை காலியாகிவிட்டது. இங்கே அப்படி இல்லை. முட்டுக்காடு கழிமுகத்தையும் கால்வாயையும் நம்பி மீனவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். "அழகுபடுத்துகிறோம்" என்று வேலி போட்டு அவர்களை வெளியே தள்ளும் பாதையானால் எனக்கு வேண்டாம். அவர்கள் நடக்க, நாம் ஓரமாக மணியடித்துப் போகிற பாதையாக இருக்க வேண்டும்.

கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்யக் கோரி நீர்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் போடலாம். அதற்கு முன் கால்வாயை ஒரு தடவை நேரில் பார்க்க நினைத்தால், மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் பாலத்தின்மேல் ஓரமாக நின்று பாருங்கள். கூட்டம் எட்டிப் பார்க்காத பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் ஊருக்கு மேற்கே, இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது, நிழல் கிடையாது.