பாலைவனத்துக் காற்று

மக்கத்துக் குறைஷியர் கைக்குழந்தைகளைப் பாலைவனத்துச் செவிலித் தாய்மாரிடம் ஒப்படைத்து வளர்த்த வழக்கம் நாமெல்லாம் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பனூ ஸஃத் கோத்திரத்து ஹலீமா (றழி) அவர்களிடம் வளர்ந்த கதையை மௌலூது மஜ்லிஸ்களில் கேட்டுத்தான் நாமும் வளர்ந்தோம். அந்த வழக்கத்துக்கு ஸீரா ஆசிரியர்கள் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று கலப்பற்ற அரபு மொழி. மற்றது கலப்பற்ற காற்று. மொழியைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். காற்றை யாரும் அவ்வளவாகத் தொடவில்லை.

1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் அதைத் தொட்டிருக்கிறார். நகரத்துக் கழிவுகளிலிருந்து எழும் ஆவி கலந்து காற்று கெட்டுப்போகிறது என்றும், பாலைவாசிகளுக்கு அந்தக் கேடு இல்லாததால் வைத்தியரின் தேவையும் குறைவு என்றும் மருத்துவம் பற்றிய பகுதியில் அவர் சொல்கிறார். பாலைவனம் என்றால் சுத்தமான காற்று. இந்த நம்பிக்கை அரபுலகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஒரு நகரம் பெருமளவுக்கு இந்த நம்பிக்கையின் மேல்தான் எழும்பியது.

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம் சுற்றிலும் மலைகள் நிற்கும் ஒரு பாலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஹொஹோகம் என்ற பழங்குடியினர் அங்கே பல நூற்றாண்டுகள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்து, 15ஆம் நூற்றாண்டளவில் மறைந்துபோனார்கள். தூர்ந்து கிடந்த அந்த வாய்க்கால்களை 1860களின் பிற்பகுதியில் வெள்ளையர்கள் திருத்தியமைத்துக் குடியேறினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை ஊருக்கு வைத்ததும் அதனால்தான்.

விவசாயிகளுக்குப் பின்னால் வந்தவர்கள் நோயாளிகள். கசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. உலர்ந்த காற்றும் வெயிலும் நெஞ்சைக் குணப்படுத்தும் என்று கிழக்கு மாநிலங்களின் வைத்தியர்கள் சொல்லியனுப்ப, இருமிக்கொண்டே ரயிலேறி வந்தார்கள். வசதியுள்ளவர்கள் விடுதிகளில் தங்கினார்கள், இல்லாதவர்கள் கூடாரமடித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் தன் எல்லைக்குள் கூடாரங்களைத் தடைசெய்தது. காற்றைக் காட்டி அழைத்துவிட்டு வந்தவர்களில் ஏழைகளை மட்டும் வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. அவர்கள் வடக்கே சனிஸ்லோப் என்ற வெளியில் குடிசை போட்டார்கள். பெயரே ‘வெயில் சரிவு’. 1931இல் ஜோன் சி. லிங்கன் என்ற கைத்தொழிலதிபர் கசநோயுற்ற தன் மனைவியோடு அங்கு வந்தார். மனைவி குணமடைந்து நெடுங்காலம் வாழ்ந்தார். நன்றிக்கடனாக அவர் கொடுத்த பணத்தில் வளர்ந்த மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களின் வருகை நிற்கவில்லை. குளிரூட்டி வந்ததும் நோயில்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். 1950இல் 106,818ஆக இருந்த சனத்தொகை 1960இல் 439,170ஆகி, 2020இல் 1,608,139ஐ எட்டியது. நெருங்கிக் கட்டாமல் பரந்து விரிந்த நகரம் அது. பாண் வாங்கப் போவதற்கும் கார் வேண்டும்.

ஓசோன் கதைக்குள் வருவது இங்கேதான்.

நம் பிள்ளைகளிடம் ஓசோன் என்றால் உடனே ‘ஓசோன் படை, கழியூதாக் கதிரைத் தடுக்கும்’ என்பார்கள். பரீட்சைக்கு அது போதும். உயரத்தில் குடையாக நிற்கும் அதே வாயு தரையில் நம் மூக்கருகே இருந்தால் நஞ்சு. மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும், தொய்வைக் கிளப்பிவிடும். 1839இல் பாசல் நகரத்து இரசாயனவியலாளர் ஷோன்பைன் அதை மணத்தை வைத்தே கண்டுகொண்டார். பெயரும் மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த நூற்றாண்டின் கடற்கரை, மலைப்பிரதேச விடுதிகள் ‘எங்கள் காற்றில் ஓசோன் உண்டு’ என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தன.

ஓசோனை எந்தப் புகைக்குழாயும் கக்குவதில்லை. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஒட்சிசன் அணு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர ஓசோன் பிறக்கிறது. பெற்றோல், வர்ணம் முதலியவற்றிலிருந்து எழும் ஆவிகள் அதைக் குவிய வைக்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தின் மூலம் இதுதான் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். இறப்பர் எவ்வளவு வேகமாக வெடிக்கிறது என்பதைப் பார்த்து ஓசோனை அளந்தார். இறப்பரையே வெடிக்க வைப்பது நெஞ்சை என்ன செய்யும்!

ஆக, நோயாளிகளைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட அந்த வெயில்தான் பீனிக்ஸில் நஞ்சைச் சமைக்கிறது. 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் அங்கே வெப்பம் 110 பாகை பரனைட்டை, அதாவது 43 பாகை செல்சியஸைத் தாண்டியோ தொட்டோ நின்றது. பகல் காற்று அந்த வாயுவைக் கிழக்கு மலைகளை நோக்கித் தள்ளுவதால், புகையை உண்டாக்காத புறநகர்களும் சுவாசிக்கின்றன. கோடையில் எச்சரிக்கை விடப்படும் நாட்களில், இருட்டிய பிறகு பெற்றோல் அடிக்கும்படி மக்களைக் கேட்கிறார்கள். எட்டு மணிநேரச் சராசரி நூறு கோடிக்கு 70 பங்கைத் தாண்டக்கூடாது என்பது 2015இல் அமெரிக்கா வகுத்த அளவு. அதைக் குறித்த காலத்தில் எட்டாததால் 2022இல் பீனிக்ஸ் பகுதி ஒரு படி கடுமையான வகைக்கு மாற்றப்பட்டது. அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் அண்மைக்கால அறிக்கைகளில் ஓசோனால் மிக மோசமான பத்து நகரங்களுள் பீனிக்ஸும் இருக்கிறது. அந்தச் சங்கம் 1904இல் கசநோயை ஒழிக்கவென்று தொடங்கப்பட்டதுதான்.

பீனிக்ஸுக்கு நம்மவர் அதிகம் போவதில்லை. போவது றியாதுக்கும் டோஹாவுக்கும் டுபாய்க்கும். அங்கும் அதே வெயில், அதே வாகனம், கூடவே எண்ணெய் சுத்திகரிப்பு. வளைகுடாப் பிரதேசம் ஓசோன் மிகைத்த இடங்களுள் ஒன்று என்று ஜேர்மனியின் லெலிவெல்ட் குழுவினர் 2009இல் எழுதினார்கள். வெப்பத்துக்கு அஞ்சி, கோடையில் திறந்தவெளி வேலையை நண்பகலில் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. அது நல்ல சட்டம், உயிர் காக்கும் சட்டம். ஆனால் வெயில் ஏற ஏறக் குவியும் ஓசோன் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். மூன்று மணிக்கு நம் பிள்ளைகள் மறுபடியும் சாரத்தில் ஏறும்போது அது இறங்கியிருப்பதில்லை.