திருமணித் தொழுநோய் மருத்துவமும் மருந்துகளின் ஒளிச்சிதைவும்

செங்கல்பட்டை அடுத்த திருமணியின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் பெயர்வரிசையாகவே சொல்லப்படுகிறது: நீரடிமுத்து எண்ணெய், டாப்சோன், கூட்டுமருந்து. அவை நோயாளியின் உடலைச் சேரும்வரை சிதையாதிருந்தனவா என்னும் வினா அவ்வரிசையில் எழுவதில்லை.

செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் ஏறத்தாழ வடக்கு 12.6 பாகையில் உள்ளன. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டின் நடுப்பகுதியை ஒட்டியும் நண்பகற் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது வளிமண்டலத்தைக் கடக்கும் தொலைவு குறைவதால் புற ஊதாக் கதிர் மிகுதியாகத் தரையை எட்டும். நிறமற்ற கண்ணாடிப் புட்டி அக்கதிரின் நீண்ட அலைகளைத் தடுப்பதில்லை. பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். மூலிகையை நிழலில் உலர்த்துக என்னும் சித்த மருத்துவ விதியும் இவ்விடத்து எண்ணத்தக்கது. எனினும் அதே மரபு ரவிபுடத்தில் வெயிலையே கருவியாக்கியது.

நீரடிமுத்து எண்ணெய் நிறைவுறாக் கொழுப்பமிலங்களால் ஆனது. ஒளியும் காற்றும் பட்டால் காறிப்போகும். காறிய எண்ணெய் ஊசியிட்ட இடத்தைப் புண்படுத்தும். 1940களின் பிற்பகுதியில் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் டாப்சோனைச் செலுத்தத் தொடங்கியபின் இவ்வெண்ணெய் படிப்படியாக வழக்கொழிந்தது. டாப்சோன் ஓர் அரோமாட்டிக் அமீன். ஒளியில் ஆக்சிசனேற்றமுற்று நிறம் மாறும். ஆயினும் அதன் மாத்திரை நிலைப்புமிக்கது. பிற்காலத்தில் தோன்றிய டாப்சோன் எதிர்ப்புத்திறனுக்கு ஒளிச்சிதைவைக் காரணமாக்குவது மிகை. குறைந்த அளவும் ஒழுங்கற்ற உட்கொள்ளலும் தனிமருந்துச் சிகிச்சையுமே அதற்குப் போதிய விளக்கம் தருவன.

ரிஃபாம்பிசினின் நிலை வேறு. ஒளியும் காற்றும் அதனைக் குயினோனாக மாற்றும். உலக நலவாழ்வு அமைப்பின் கூட்டுமருந்து ஆய்வுகள் மாலி நாட்டின் பமாக்கோவிலும் செங்கல்பட்டிலும் நடைபெற்றன. 1982இல் அவ்வமைப்பு வெளியிட்ட பரிந்துரையின்படி 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் மாதம் ஒருமுறை பணியாளர் முன்னிலையில் விழுங்கப்பட்டது. உட்கொள்ளலை உறுதிசெய்யவே இம்முறை வகுக்கப்பட்டது, ஒளியை எண்ணியன்று. எனினும் மூன்றனுள் எளிதிற் சிதையக்கூடிய மருந்து நோயாளியின் வீட்டிற்குச் செல்லாமற் போனது இதன் எதிர்பாராப் பயன். பல்கிருமி வகை நோயாளியின் வீட்டில் 27 நாள் இருந்தவை டாப்சோனும் செந்நிறக் குளோஃபசிமினுமே. பெட்டியிலா, வெயில் விழும் சன்னல் மாடத்திலா அவை வைக்கப்பட்டன என்பதை மருந்து வழங்கிய கணக்கிலிருந்து அறிய இயலாது. திருமணியில் சிகிச்சை பெற்றோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர் இதனையும் கேட்டுப் பதிதல் வேண்டும்.