பாறைச் சுவரும் மூச்சுக் கணக்கும்

வட்டக்கானல் சோலையில் காற்றுக்குக் கணக்கு கேட்பார் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து அதுவே ஏறி வருகிறது. பூமிக்கடியில் உழைப்பவனுக்கோ ஒவ்வொரு மூச்சும் கணக்குத்தான். இதற்குக் கோலார் தங்கவயலே சாட்சி.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் அங்கே காலூன்றியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழிகளில் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அங்கே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கும் மேல்! மேலிருந்து காற்று வராவிட்டால் மனுஷன் நிற்க முடியுமா?

"பெரிய விசிறியாப் போட்டா ஆச்சு" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வெடிவைத்துக் குடைந்த சுவர் கரடுமுரடானது. உரசி உரசியே காற்றின் அழுத்தம் கரைந்துவிடும். அந்த இழப்பைக் கணக்கிடும் வழியை 1854-ல் இங்கிலாந்தின் ஜான் அட்கின்சன் எழுதி வைத்தார். உராய்வு எண், சுற்றளவு, நீளம், வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றைப் பெருக்கி, குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும்.

போட்டுத்தான் பாருங்களேன். 2 மீட்டர் சதுரம், 1000 மீட்டர் நீளமுள்ள பாதை; காற்று நொடிக்கு 3 மீட்டர். வழவழப்பான கான்கிரீட் சுவருக்கு உராய்வு எண் சுமார் 0.004, இழப்பு 72 பாஸ்கல். பூசாத பாறைக்குச் சுமார் 0.012, இழப்பு 216. காற்றை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்கு, மின்சாரமோ எட்டு மடங்கு!

வர்க்க விதி ஏன் பொருந்துகிறது? 1933-ல் ஜெர்மனியில் நிக்குராட்சே குழாய்களுக்குள் மணல் ஒட்டிச் சோதித்தார். வேகம் கூடியபின் பாகுநிலை ஒரு பொருட்டல்ல, குழாயின் விட்டத்துக்கு மணலின் பருமன் எவ்வளவு என்பதே முக்கியம் என்று தெரிந்தது.

1965-ல் இதே சாம்பியன் ரீப்பில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவை விஞ்ஞானிகள் கண்டார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உராய்வு எண்ணை அட்டவணையில் பார்த்துக் குறைத்துப் போட்டால் விடைத்தாளில் ஒரு மார்க்தான் போகும். சுரங்கத்தில் அதே தவறு நடந்தால் விசிறி சின்னதாகிவிடும். கடைக்கோடியில் சம்மட்டி பிடித்தவனுக்கு மூச்சு முட்டும். அவனை நினைத்துக்கொண்டு அந்த எண்ணை எழுதுங்கள்.