பேசும் படமும் படிக்கும் படமும்

ஜொகூர் மாநிலத்தில் ஆயர் ஈத்தாம் என்று ஓர் ஊர் உண்டு. வடக்கே யொங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங் என நான்கு திசைச் சாலைகளும் கூடும் சந்தி அது. மட்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்ப் பெயரை முதன்முறை கேட்கும் தமிழாசிரியர் முல்லை நிலத்து ஆயரை நினைத்துக்கொள்வது இயல்பே. ஆனால் மலாய் மொழியில் ஆயர் என்பது நீர்; ஈத்தாம் என்பது கருமை. ஆக, ஊரின் பெயர் கருநீர் என்பதாகும். ஒலியை அப்படியே கொண்டால் பொருள் பிறழ்கிறது. பொருளைக் கொண்டால் ஒலி போய்விடுகிறது. மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு முழுவதும் இவ்வொரு பெயரில் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

இவ்விடர்ப்பாடு இன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. ஜப்பானியர் ஆக்கும் ‘அனிமே’ என்னும் வரைகலைப் படங்களை நம் பிள்ளைகள் விரும்பிக் காண்கின்றனர். அவற்றை ஜப்பானியக் குரலோடு கேட்டு, கீழே ஓடும் அடிவரிகளைப் படித்துக் காண்பது சிறப்பா? ஆங்கிலத்தில் குரல் மாற்றியதைக் காண்பது சிறப்பா? இளைஞரிடையே இது பெரிய வழக்காகவே நடந்து வருகிறது. வழக்கில் தமிழுக்கு இடமுண்டா என்று மட்டும் எவரும் வினவக் காணோம். வரலாற்றைப் புரட்டினால், இவ்வினா நமக்குப் புதியதன்று என்பதும், விடைக்கு வேண்டிய சான்றுகள் நம்மிடமே உள்ளன என்பதும் புலனாகும்.

ஊமைப்படக் காலம்

படம் பேசாத காலத்திலேயே மொழிச் சிக்கல் தோன்றிவிட்டது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதில் காட்சிகளுக்கு இடையே எழுத்துப் பலகைகள் வந்தன. அவை ஒரு மொழியில் மட்டும் அமையவில்லை. தமிழும் ஆங்கிலமும் இந்தியும் இடம் பெற்றன. படிக்கத் தெரியாதவர் என் செய்வர்? அவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவார். ஜப்பானிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே அவ்விளக்குநருக்குப் ‘பென்ஷி’ என்று பெயர். நடிகரைக் காட்டிலும் பென்ஷியின் பெயருக்காகவே கூட்டம் கூடியதும் உண்டு. எழுத்துப் பலகை அடிவரிக்கும், விளக்குநர் குரல்மாற்றுக்கும் முன்னோர் என்று கொள்ளலாம்.

1931ஆம் ஆண்டு இரு நாட்டுக்கும் திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டில் ‘மொராக்கோ’ என்னும் அமெரிக்கப் பேசும்படம் ஜப்பானிய அடிவரிகளுடன் தோக்கியோவில் திரையிடப்பட்டது. அதுமுதல் அயல்நாட்டுப் படத்தை அடிவரியோடு காண்பது ஜப்பானியரின் பழக்கமாயிற்று. பென்ஷியின் செல்வாக்கும் சரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நம்முடைய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் மறுமொழி கூறினார். அடிவரியும் இல்லை, குரல்மாற்றும் இல்லை. ஆயினும் மக்கள் திரண்டு சென்று கண்டனர். மொழி புரிவது ஒன்றே படத்தைச் சுவைக்கும் வழி என்று எண்ணுவோர்க்கு இது தக்க விடையாகும்.

தமிழ் கண்ட குரல்மாற்று

குரல் ஒருவருடையது, வாய் மற்றொருவருடையது என்பதைத் தமிழர் விரைவிலேயே ஏற்றுக்கொண்டனர். 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடல் முறை கையாளப்பட்டது. பாட்டில் தொடங்கியது பேச்சிலும் வந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1943இல் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரன் கதையை அடுத்த ஆண்டே தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். இந்திய மொழிமாற்றுப் படங்களுள் அதுவே முதலாவது என்பர். பின்னர் மெகபூப் கானின் ‘ஆன்’ போன்ற இந்திப் படங்களும் தமிழ் பேசின. ஆரூர்தாஸ் போன்ற உரையாடல் ஆசிரியர்கள் மொழிமாற்றுப் படங்களுக்கு எழுதியே கை தேர்ந்தனர். நடிகரின் வாய் மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வரவேண்டும். வாய் திறந்து நிற்கும் இடத்தில் நெடில் வரவேண்டும். பொருளும் கெடலாகாது. செய்யுள் யாப்போடு ஒப்பிடத் தக்க கட்டுப்பாடு இது.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. கே. ஆசிப் தம் ‘மொகலே ஆசம்’ படத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவர எண்ணிக் காட்சிகளை மும்முறை எடுத்தார். 1961இல் ‘அக்பர்’ என்ற பெயரில் வந்த தமிழ்ப் படம் தோல்வியுற்றது. ஆங்கில வெளியீடு கைவிடப்பட்டது. பொருட்செலவு மட்டும் ஒரு படத்தைத் தமிழாக்கிவிடாது என்பதற்கு இது சான்று.

தோட்டத்துத் திடலில்

இனி மலாயாவைக் காண்போம். 1946இல் கோலாலம்பூரில் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. அது எடுத்த செய்திப் படங்களுக்கும் அறிவுரைப் படங்களுக்கும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தனித்தனியே குரல் சேர்க்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் வண்டிகள் ஒலிபெருக்கியும் திரையும் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. பால்மரத் தோட்டத்து மக்கள் லயத்து வீடுகளிலிருந்து வந்து திடலில் அமர்ந்து, திரை தம் மொழியில் பேசக் கேட்டனர்.

அரசு ஏன் அடிவரியைத் தேர்ந்தெடுக்கவில்லை? தோட்ட மக்களுள் பலர் எழுத்தறியாதவர். அவர்களுக்கு அடிவரி சுவரில் கீறிய கோடே ஆகும். எனவே அன்று தமிழ்க் குரல் சேர்த்தது கலைச்சுவை கருதியன்று. ஆட்சியின் தேவை கருதியே. யார் எதைப் படிக்க வல்லார் என்பதே முடிவு செய்தது. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஜப்பானியம் வந்த இரு வழிகள்

ஆயர் ஈத்தாம் மக்கள் ஜப்பானிய மொழியை முதலில் கேட்டது படத்தின் வாயிலாக அன்று. 1942 சனவரி இறுதியில், பத்து பகாட் – ஆயர் ஈத்தாம் – குளுவாங் என்ற வரிசையிலேதான் பிரிட்டிஷ் படை ஜொகூரைக் காக்க முயன்று பின்வாங்கியது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர் மூன்றரை ஆண்டு ஜப்பானியம் ஆணையின் மொழியாக நின்றது, பள்ளிகளிலும் புகுந்தது.

அக்காலத்தில் ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் மித்சுயோ செயோ என்பவர் ஒரு வரைகலைப் படம் எடுத்தார். மொமொத்தாரோ என்னும் நாட்டுக்கதை வீரனை முதன்மையாக்கிய அப்படம் 1945 ஏப்ரலில் வெளிவந்தது. ஜப்பானின் முதல் முழுநீள வரைகலைப் படம் அதுவே. அதில் தென்கிழக்காசியத் தீவொன்றின் விலங்குகளுக்கு ஜப்பானிய உயிரெழுத்துகளைப் பாட்டாகக் கற்பிக்கும் காட்சி உண்டு. முதலில் குழம்பி நிற்கும் விலங்குகள் பாட்டு எழுந்ததும் ஒருமித்துப் பாடுகின்றன. பார்ப்பதற்கு இனிய காட்சி. ஆனால் அவ்விலங்குகள் யாரைக் குறிக்கின்றன என்பதை மலாயாவாசிகள் எளிதில் உணர்வர். தம் மொழியைப் பிறர் வாயில் ஏற்றுவது அன்று ஆதிக்கத்தின் வேலையாக இருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் எவரும் ஏவாமலே ஜப்பானியச் சொற்களைச் சொல்லி மகிழ்கின்றனர். மொழி ஒன்றே, வந்த வழி வேறு.

வரைந்த வாய்

அடிவரியை விரும்புவோர் கூறும் முதற் காரணம், மூலக் குரலே உண்மைக் குரல் என்பதாகும். நடிகர் நடித்த படத்துக்கு இது பெரிதும் பொருந்தும். அனிமேக்கு எவ்வளவு பொருந்தும்? அமெரிக்க வரைகலைப் படங்களில் குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப வாயை வரைவது வழக்கம். ஜப்பானிலோ பெரும்பாலும் படத்தை முதலில் ஆக்கிப் பின்னரே குரல் சேர்க்கின்றனர். ஒசாமு தெசுகா 1963 சனவரி முதல் நாள் தொடங்கிய ‘அணு வீரன்’ தொடர், செலவைக் குறைக்க ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய் என்னும் சில வடிவங்களே பேச்சுக்குப் போதுமாயின. ஆகவே, ஜப்பானியக் குரலும் அவ்வாய்க்குப் பின்னர் வந்து சேர்ந்ததே. தமிழ் அதில் அமர்வதற்கு ஓவியம் தடை சொல்லாது.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. அனிமேயின் சிறப்பு அதன் ஓவியத்தில் உள்ளது. மழைநீரில் தெரியும் நிழலும், புல்மேல் ஓடும் காற்றும் கண்ணுக்கு விருந்து. அடிவரியைப் படிக்கும் கண் அவ்விருந்தில் ஒரு பகுதியை இழக்கிறது. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் இடைநிலையும் விகுதியும் ஏற்று நீள்வதால், இரண்டு வரிக்குள் அடக்குவதும் எளிதன்று.

ஆயின் குரல்மாற்றில் ஒரு பெருந்தீங்கு உண்டு. அடிவரி தவறினால் மூலக் குரல் அதைக் காட்டிக்கொடுக்கும். குரல்மாற்று தவறினால் காட்டிக்கொடுப்பார் இலர். மியாசாக்கியின் ‘நவுசிக்கா’ என்னும் 1984ஆம் ஆண்டுப் படத்தை அமெரிக்கர் மறு ஆண்டே ஆங்கிலமாக்கியபோது, இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டினர், பெயர்களையும் மாற்றினர். இதனாற் புண்பட்ட மியாசாக்கியின் நிலையம், பிற்காலத்தில் தம் படங்களில் எதையும் வெட்டலாகாது என்று உறுதியாக நின்றது.

இராமன் பேசிய மொழிகள்

ஜப்பானியரான யூகோ சாக்கோவும் இந்தியரான ராம் மோகனும் பிறரும் கூடி இராமாயணத்தை அனிமேயாக ஆக்கினர். 1992இல் முற்றுப்பெற்ற அப்படத்தின் மூலக் குரல் ஆங்கிலம், பாடல்கள் வடமொழி, ஓவியம் ஜப்பானியர் கைவண்ணம். அங்கே எதனை மூலம் என்போம்? 2025 சனவரி 24இல் அப்படம் இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் வந்தபோது இராமன் தமிழிலும் பேசினான். அதே ஆண்டு செப்டம்பரில் ‘அரக்கர் வதை’ என்று பொருள்படும் ஜப்பானியப் படமொன்று இந்தியாவில் ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து மொழிகளில் திரையிடப்பட்டது. ஆங்கிலத்தின் வழியன்றி அயற்படம் நம்மிடம் வாராது என்னும் நிலை தளர்ந்து வருகிறது.

வழிநூல் வகை கூறும் தொல்காப்பியர் மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அயற்சொல் தமிழெழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்றும் விதித்தார். தமிழ்க் குரல்மாற்றுக்கு இவ்விரண்டுமே இலக்கணம். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பது வழிநூலுக்கு வழிநூலாகும். ஜப்பானியத்தில் உள்ள உயர்வு தாழ்வு விளிகள் ஆங்கிலத்தில் மழுங்கிவிடும். அண்ணன், அக்கா, ஐயா, நீங்கள், நீ என்று பிரித்துச் சொல்லும் தமிழுக்கு அவற்றைக் காக்கும் ஆற்றல் உண்டு. ஆகலின், ஜப்பானியத்திலிருந்து நேரே பெயர்ப்பவரே நமக்கு வேண்டும்.

அடிவரியின் பயன்

அடிவரியைத் தள்ளிவிடலாமா? ஒருகாலும் ஆகாது. அகமதாபாத்து மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, திரைப்பாட்டின் சொற்களைப் பாடும் மொழியிலேயே அடிவரியாகக் காட்டினால் எழுத்துப் பழக்கம் வளரும் என்று 1996இல் கருதினார். 1999இல் குசராத்துத் தொலைக்காட்சிப் பாடல் நிகழ்ச்சியில் அது நடைமுறைக்கு வந்தது. தெரிந்த பாட்டின் சொற்களைக் கண் தானே தொடர்கிறது. அரைகுறையாகப் படிப்பவர் மெல்லத் தேறுகின்றனர்.

மலேசியாவில் தமிழ்ப் படம் மலாய் அடிவரியுடன் வருகிறது. அயல்நாட்டுப் படங்களுக்கோ மலாயும் சீனமும் அடியில் ஓடுகின்றன. தமிழெழுத்து திரையின் அடியில் தோன்றுவது மிக அரிது. தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழைக் காதாற் கேட்டு மலாயைக் கண்ணாற் படிக்கின்றனர். நாட்டு மொழியைப் படிப்பது நன்றே; ஆனால் கேட்ட தமிழைக் கண்ணாலும் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

எனவே, அடிவரியா, ஆங்கிலக் குரலா என்னும் வழக்கில் நாம் இரு கட்சியிலும் சேர வேண்டுவதில்லை. படிக்கத் தொடங்காத சிறாருக்குத் தமிழ்க் குரல் வேண்டும். தோட்டத்துத் திடல் கற்பித்த பாடம் அது. படிக்கக் கற்ற மாணவருக்கு ஜப்பானியக் குரலின்கீழ் தமிழ் அடிவரி வேண்டும். பத்து நிமிடப் படப்பகுதிக்கு மாணவரைக் கொண்டே தமிழ் அடிவரி எழுதச் செய்தால், சுருங்கச் சொல்லல் என்னும் அழகை அவர்கள் இலக்கண நூலில் படித்ததினும் நன்றாக உணர்வர். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. தமிழாசிரியரின் ஒரு மாலைப்பொழுது போதும். கருநீர் என்று பொருள்படும் ஊரிலும் தெளிந்த தமிழ் ஊறலாம். ஊற்றுக்கண்ணைத் திறப்பது நம் கடன்.