பஞ்சமும் சூரியனும்

கோடைக்கானல் மலையின்மீது, கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனையே நோக்கிக்கொண்டிருக்கும் வானாராய்ச்சி நிலையம் எதற்காக ஏற்பட்டது என்று கேட்டால், விண்ணின் இரகசியங்களை அறிய வேண்டுமென்ற ஞான தாகத்தினால் ஏற்பட்டிருக்கும் என்றே பலரும் விடை சொல்வார்கள். உண்மையோ வேறு. மலையடிவாரத்துச் சமவெளிகளில் சோறில்லாமல் ஜனங்கள் கூட்டங் கூட்டமாக மடிந்த தாது வருஷப் பஞ்சம்தான் அந்த நிலையத்துக்கு மூலகாரணம். மழை எப்போது பொய்க்கும் என்பதை முன்கூட்டி அறிய ஒரு வழி வேண்டும் என்று அரசாங்கம் தவித்தது. அந்த வழி சூரியனில் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அதை நம்பிச் சூரியனைப் பார்க்க ஒரு கூடம் கட்டினார்கள். அந்த நம்பிக்கை பலித்ததா, பலிக்காவிட்டால் அங்கே செய்த வேலையெல்லாம் வீண்தானா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால், மலையை விட்டிறங்கிச் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங்கின் மேற்பார்வையில் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டடம் எழுப்பியது. கப்பல்களுக்குத் தீர்க்கரேகை வேண்டும், கம்பெனிக்கு நிலப்படம் வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். ஆயினும் தொலைநோக்கியைத் தாங்குவதற்கென்று அங்கே நிறுத்திய பதினைந்தடி உயரக் கருங்கல் தூணில், ஆசியாவில் கணித சாஸ்திரம் வேரூன்றிய காலத்தை ஆயிரம் வருஷங்களுக்குப் பின் வருவோரும் அறியட்டும் என்ற கருத்தில் சாசனம் பொறித்து, அதைத் தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுதிவைத்தார்கள். அந்தக் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஆரியபட்டரும் பாஸ்கரரும் பிறந்த கண்டத்தில் கணிதம் அப்போதுதான் முளைத்தது என்று சொல்லத் துணிந்த அந்தப் பெருமிதத்தைப் பார்த்து நாம் புன்னகை செய்யலாம். ஆனால் அந்தத் தூணைச் சுற்றி நடந்த வேலையைப் பார்த்து அப்படிச் செய்வதற்கில்லை.

டாப்பிங்குக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் 1820-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் செய்த ஒரு பரிசோதனை தனியே எடுத்துச் சொல்லத் தக்கது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அக்காலத்து வழக்கம். கோட்டை நுங்கம்பாக்கத்துக்கு இரண்டரை மைலுக்குச் சற்று மேல். பரங்கிமலை ஐந்தரை மைலுக்கு மேல். கடிகாரத்தின் துடிப்பை எண்ணிக்கொண்டு கூடத்தில் நிற்பவர்கள் முதலில் பீரங்கியின் ஒளிக்கீற்றைக் காண்பார்கள். பரங்கிமலையின் முழக்கம் ஏறக்குறைய இருபத்தைந்து வினாடி கழித்துத்தான் வந்துசேரும். அந்த இடைவெளியைக் குறித்ததோடு கோல்டிங்ஹாம் நிற்கவில்லை. அன்றைய உஷ்ணம், காற்றழுத்தம், காற்றின் ஈரம், காற்று வீசிய திசை ஆகிய யாவற்றையும் பக்கத்திலேயே பதிவு செய்துவந்தார். வெயில் மாதங்களில் ஒலி விரைந்து வருவதையும், எதிர்க்காற்றில் தாமதிப்பதையும், மாதந்தோறும் வேகம் மாறுவதையும் அந்தப் பட்டியல் கண்கூடாகக் காட்டியது.

சென்னைப் பீரங்கிகளின் இந்தக் கணக்கு ஐரோப்பிய தத்துவ விவாதம் ஒன்றுக்கும் உதவியது என்பதே இதில் ரசமான செய்தி. ஒலியின் வேகத்துக்கு நியூட்டன் வகுத்த சூத்திரம், அளந்து கண்ட வேகத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே விடை தந்துவந்தது. ஒலியலை காற்றை அமுக்கும்போது பிறக்கும் உஷ்ணம் வெளியேற அவகாசமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது, அதனால் காற்றின் மீள்சக்தி கூடுகிறது என்று லாப்லாஸ் 1816-இல் திருத்தம் சொன்னார். அந்தத் திருத்தம் சரியா என்பதை நிச்சயிக்க, பல தேசங்களில் பலவிதச் சீதோஷ்ணத்தில் எடுத்த அளவுகள் தேவைப்பட்டன. பட்டாளத்துக்குப் பொழுதறிவிக்க வெடித்த பீரங்கி அவ்வாறு பௌதிக சாஸ்திரத்துக்கும் தொண்டு செய்தது.

பூமியின் உட்கிடையைப் பற்றிய ஆராய்ச்சியும் இந்த நகரத்துக்குக் கடன்பட்டதே. 1802-இல் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, தேசம் முழுவதையும் முக்கோணங்களால் பிணைக்கும் பெரிய நில அளவையைத் தொடங்கினார். நுங்கம்பாக்கத்தின் தீர்க்கரேகையே அதற்கு ஆதாரமாயிற்று. 1821-இல் கோல்டிங்ஹாம் ஊசல் கொண்டு சென்னையில் புவியீர்ப்பை அளந்தார். அளவை வடக்கே வளர்ந்து இமயத்தின் அடிவாரத்தை எட்டியபோது, அவ்வளவு பெரிய மலைத்தொடர் தூக்குநூலைத் தன்பக்கம் இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை என்பது வெளிப்பட்டது. கல்கத்தாவில் பாதிரியாராயிருந்த பிராட் 1855-இல் அந்த முரண்பாட்டைக் கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் ஏரி என்ற வானசாஸ்திரி, மலைகளுக்கு அடியில் லேசான பாறை ஆழ வேரோடியிருக்க வேண்டும், அவை கனமான அடித்தளத்தில் மிதப்பனவாகவே கொள்ள வேண்டும் என்று விளக்கம் தந்தார். நிலவரி வசூலுக்கும் படை நடத்தலுக்கும் என்று தொடங்கிய காரியம் பூகர்ப்ப சாஸ்திரத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றில் போய் முடிந்தது.

இவ்வளவுக்கும் கீழே நாள்தோறும் நடந்த வேலை ஒன்று உண்டு. 1796 முதல் நுங்கம்பாக்கத்தில் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் முறையாகக் குறித்துவந்தார்கள். மழையின் அளவும் ஏடேறி வந்தது. துரைமார் வருவார்கள், போவார்கள். கருவியின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்கள் சொற்பச் சம்பளம் வாங்கிய சுதேசி உதவியாளர்களே. அவர்களுள் பெயர் நிலைத்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். கூடத்தின் தலைவர் நார்மன் போக்சனிடம் முதல் உதவியாளராயிருந்த அவர், தென்வானத்து விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டுபிடித்தார். அரச வானியல் சங்கத்தில் அங்கத்தினரான முதல் இந்தியரும் அவரே. 1874-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடக்கப்போகிற செய்தியைச் சாமானிய ஜனங்களுக்கு விளக்கிப் பாரத பாஷைகளில் பிரசுரமும் வெளியிட்டார். அவரைப் போல உழைத்தும் பெயர் பெறாத பலருடைய பொறுமையினால்தான், பஞ்சம் வந்தபோது புரட்டிப் பார்க்க ஒரு பழைய மழைக் கணக்கு இருந்தது.

அந்தப் பஞ்சம் 1876-இல் வந்தது. பருவமழை பொய்த்தது; அடுத்த ஆண்டும் துன்பம் தீரவில்லை. தக்கணத்திலும் சென்னை ராஜதானியிலும் மைசூரிலுமாக மடிந்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். வெட்டியவர்களில் பலர் கூலி வாங்கும் பலத்தையும் இழந்து விழுந்தார்கள். அந்த வேளையில் வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் 1813 முதலான மழைக் கணக்கை எடுத்து, பதினோராண்டுக் கட்டங்களாகப் பிரித்து, சூரியனில் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்று 1877-இல் எழுதினார். வானசாஸ்திரி நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியப்புள்ளிகள் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிச் சிறுப்பது முன்பே தெரிந்த விஷயம். ஆகையால் சூரியனைப் பார்த்துவந்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற வாதம் கேட்பதற்கு இனிதாயிருந்தது.

அதே ஆண்டிலேயே மற்றோர் அதிகாரியான ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி அதே மழைக் கணக்கைக் கையிலெடுத்து மறுப்பு எழுதினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஓர் ஆண்டின் மழையைப் பொதுச் சராசரியைக் கொண்டு ஊகித்தால் எவ்வளவு பிழை நேருகிறது, பதினோராண்டுச் சுழற்சியைக் கொண்டு ஊகித்தால் எவ்வளவு நேருகிறது என்று ஒப்பிட்டார். பிழை குறிப்பிடத் தக்கவாறு குறையவில்லை. நுங்கம்பாக்கத்து மழைமானி பெற்றெடுத்த கொள்கையை அந்த மழைமானியே சோதித்துத் தள்ளிவிட்டது. எனினும் பட்டினியின் கொடுமையைக் கண்ட அதிகாரிகளுக்கு ஒரு மெல்லிய நம்பிக்கையையும் விட மனம் வரவில்லை. சமவெளியின் புழுதிக்கும் வெப்பத்துக்கும் மேலே மலையுச்சியில் சூரியனுக்கென்றே ஒரு நிலையம் வேண்டும் என்ற யோசனை வலுப்பெற்றது. வானசாஸ்திரி மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்தார், கோடைக்கானல் தேர்வாயிற்று, கவர்னர் வென்லாக் பிரபு 1895-இல் அஸ்திவாரக்கல் நாட்டினார். 1899-இல் சென்னையின் வானாராய்ச்சி வேலை மலையேறியது. அதன் நிர்வாகம் வானிலை இலாகாவின் கீழ் வந்தது.

மலையில் நேர்ந்தது ஒருவரும் எதிர்பாராதது. 1907-இல் அங்கே வந்த ஜான் எவர்ஷெட், ரசாயனத் தொழிலில் காலத்தைப் போக்கியவாறே ஓய்வு வேளையில் சூரியனை ஆராய்ந்துவந்த சுயசிக்ஷைக்காரர்; கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் திறமையுள்ளவர். சூரியப்புள்ளிகளில் சுழல் காற்றைப் போன்ற சுழற்சி இருக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் ஹேல் நடத்திய ஆராய்ச்சியால் அப்போது பரவியிருந்தது. 1909 ஜனவரி 5-ஆம் தேதி எவர்ஷெட் ஒரு புள்ளியின் குறுக்கே நிறமாலைமானியின் கீற்றுத் துவாரத்தை வைத்துப் படமெடுத்தார். விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் சுருதி தாழ்வதுபோல, விலகிச் செல்லும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கி வருவதன் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். தகட்டில், புள்ளியின் புறநிழலில் சூரிய பிம்பத்தின் விளிம்பை ஒட்டிய பக்கத்துக் கோடுகள் சிவப்புக்கும், பிம்பத்தின் நடுவை ஒட்டிய பக்கத்துக் கோடுகள் ஊதாவுக்கும் சாய்ந்திருந்தன. சுழற்சிக்கு அது பொருந்தாது. புள்ளியின் மையத்திலிருந்து வாயு கிடையாக எல்லாத் திசையிலும் வெளிநோக்கி ஓடுகிறது என்றால்தான் பொருந்தும். வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுள்ள அந்த ஓட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எதிர்பார்த்ததை விட்டுவிட்டு, தகடு சொன்னதை ஏற்ற நேர்மையின் பலன் அது.

அதற்குப் பின் வந்த பிரச்சினை இன்னும் சூக்ஷ்மமானது. சூரியனின் ஈர்ப்பினால் அதன் நிறமாலைக் கோடுகள் யாவும் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவே சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் சித்தாந்தம். கோடுகள் நகர்ந்திருப்பதை எவர்ஷெட் கண்டார். ஆனால் அதற்கு ஈர்ப்புத்தான் காரணமா, அல்லது சூரிய வாயு பூமியை விட்டு விலகி ஓடுவது காரணமா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. அதைத் தீர்க்க அவர் கையாண்ட உபாயம் அழகானது. சுக்கிரன் மேல் பட்டுத் திரும்பும் ஒளி, பூமிக்கு நேராக இல்லாத வேறு பக்கத்துச் சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி. ஆகவே கோடுகளின் நகர்வு பூமியைச் சார்ந்ததா என்பதைச் சுக்கிரனின் நிறமாலையில் பார்க்கலாம் என்று அவர் அளக்கலானார். பூமி காரணம் என்ற எண்ணத்தைப் பிற்பாடு கைவிட்டு, 1923-இல் ஓய்வு பெறுமுன் ஐன்ஸ்டைனின் பக்கமே சேர்ந்தார். அவருடைய மனைவி மேரி, சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களின் நீண்ட பதிவை அவரோடு சேர்ந்து பரிசீலித்து வெளியிட்டவர்.

அதே மலையில் பூமியையும் மறக்கவில்லை. 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாம் பூகம்பத்துக்குப் பின் நாட்டில் நிறுவிய முதல் பூகம்பமானிகளுள் ஒன்று கோடைக்கானலில் இயங்கியது. காந்தமானிகளும் அமைந்தன. பூமியின் காந்த மத்தியரேகைக்கு மிக அருகே இருப்பதால், பகலில் வானின் உயரே ஓடும் மின்னோட்டத்தின் செல்வாக்கை அங்கே காந்தமானி பெரிதாகக் காட்டும். அந்த மின்னோட்டத்தை ஆராய்வதற்கென்றே அதே ரேகைக்கு அருகிலுள்ள தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்து, 1963-இல் முதல் ராக்கெட்டைச் செலுத்தினார்கள்.

மழை என்னவாயிற்று? எவர்ஷெட்டுக்கு இலாகா முறையில் மேலதிகாரியாயிருந்தவர், 1904 முதல் இருபதாண்டு வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை. அவர் உலகெங்கிலுமிருந்து மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். சூரியப்புள்ளிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். புள்ளிகளுக்கும் இந்திய மழைக்கும் இருந்த தொடர்பு, முன்னறிவிப்புக்கு உதவாத அளவுக்குச் சொற்பம் என்று தெரிந்தது. மழையின் சூத்திரம் பசிபிக் கடலுக்கும் இந்துமாக் கடலுக்கும் நடுவே தராசுத் தட்டுகளாக ஏறியிறங்கும் காற்றழுத்தத்தில் இருந்தது. தென்னலைவு என்று அவர் பெயரிட்ட அதுவே பருவமழை முன்னறிவிப்புக்கு இன்றுவரை ஓர் ஆதாரம். சூரியனை ஆராயும் நிலையத்தின் மேலதிகாரியே அந்த நிலையத்தின் மூலகாரணத்தைத் தள்ளிவிட நேர்ந்தது.

இதைக் கொண்டு கோடைக்கானலைத் தோல்வி என்று கூறுவது கணக்கு அறியாதார் பேச்சு. ஹண்டரின் கொள்கை தவறு. ஆனால் அதைத் தவறு என்று காட்ட ஸ்ட்ரேச்சிக்கும் வாக்கருக்கும் உதவியவை, எந்தக் கொள்கையையும் பற்றிக் கவலையின்றி வருஷக்கணக்காக எழுதிவந்த ஏடுகளே. 1904 முதல் கோடைக்கானலில் மேகம் விலகிய நாளெல்லாம் எடுத்த சூரியப் படங்களும் அத்தகையவையே. நூறாண்டுச் சூரிய மாறுதலை ஆராய்பவர்கள் இன்று அவற்றையே நாடுகிறார்கள். பிரயோஜனத்துக்கான ஆராய்ச்சி ஒன்று, தத்துவத்துக்கான ஆராய்ச்சி வேறு என்று பிரித்து, முன்னதற்கே பணம் கொடுப்போம் என்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். கொள்கைகள் எந்தத் திசையில் போகும் என்று பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியாது, ஆராய்ந்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் பதிவு செய்யாமல் விட்ட நாளை எந்தச் சக்கரவர்த்தியாலும் பிற்பாடு விலைக்கு வாங்க முடியாது. அளக்கிற வேலைக்கு மானியம் கேட்பவர்கள் சொல்லத்தக்க நியாயம் இதுவே. இதற்கு மேல் வாக்குக் கொடுப்பதும் தகாது.