தழும்புக்குத் தேவை பொறுமை

அறுவை சிகிச்சையில் நலம் பெற்ற நிம்மதிக்குப் பின் பலருக்கு எழும் கவலை, உடலில் தங்கிவிடும் தழும்பு பற்றியது. இதை வெறும் அழகு சார்ந்த கவலையென ஒதுக்கிவிட முடியாது. தடித்த தழும்பு அரிக்கும், வலிக்கும். மூட்டருகே இருந்தால் அசைவையும் கட்டுப்படுத்தும்.

காயம் ஆறும்போது உடல் உருவாக்கும் கொலாஜன் என்ற புரதம் அளவு மீறினால் தழும்பு தடிக்கிறது. காயத்தின் எல்லைக்குள் தடிப்பது ஒரு வகை. எல்லை தாண்டிப் படர்வது கீலாய்டு. மார்பு, தோள், காதுமடல் ஆகிய இடங்களிலும், கருமை நிறத் தோல் உடையவர்களிடமும் கீலாய்டு அதிகம் தோன்றுகிறது.

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளுக்கு சிலிகோன் ஜெல் பயன்படுத்தப்பட்டது. தழும்பின்மீது படலமாக அமைந்து, தோலின் ஈரம் வெளியேறுவதை அது குறைக்கிறது. இதனால் கொலாஜன் உற்பத்தி தணிகிறது என்பதே பரவலான விளக்கம்.

2002-இல் வெளியான பன்னாட்டு மருத்துவப் பரிந்துரை சிலிகோனுக்கு முதலிடம் அளித்தது. ஆனால், 2013-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, இதற்கான ஆய்வுகள் தரத்தில் வலுவற்றவை என்று சுட்டிக்காட்டியது. எனவே, 'தழும்பே இருக்காது' என்னும் விளம்பர வாசகத்தை அப்படியே நம்பலாகாது. தழும்பைத் தட்டையாக்கலாம், மென்மையாக்கலாம், அழிக்க இயலாது.

தையல் பிரித்து, காயம் முழுமையாக மூடிய பிறகே சிலிகோனைத் தொடங்க வேண்டும். ஒட்டுத்தாளை நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது, குறைந்தது 2 அல்லது 3 மாதங்கள் அணிய வேண்டும். ஜெல் எனில் நாளுக்கு இருமுறை மெல்லியதாகப் பூசினால் போதும். கோடையில் தாளின் அடியில் வியர்வை தேங்கினால் தடிப்பும் அரிப்பும் வரும். தோலையும் தாளையும் அன்றாடம் கழுவி உலர்த்துவது அவசியம். புதிய தழும்பில் வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடும் என்பதால், அதை மூடி வைப்பது நல்லது.

பொருளாதார நோக்கிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடாக ஆறும் தழும்புக்கு இச்செலவு பெரும்பாலும் தேவையில்லை. முன்பே தழும்பு தடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது பயன் தரலாம். கீலாய்டுக்கு சிலிகோன் மட்டும் போதாது. ஸ்டீராய்டு ஊசி போன்ற சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தோல் மருத்துவரை நாடுவதே முறை.

விலையுயர்ந்த ஜெல்லை வாங்கி இரு வாரங்களில் கைவிடுவது வீண் செலவு. மருத்துவரிடம் கேட்டறிந்து, தேவையானால் மட்டும் வாங்கி, இடைவிடாது பயன்படுத்துவதே உடலுக்கும் குடும்ப வரவு செலவுக்கும் உகந்தது.