மழை நாள் கூலி

போன கோடையில் துலூஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "கனால் து மிதி" கால்வாயைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். புதுச்சேரியில் நான் படித்தபோது எங்கள் முசே அதைக் கரும்பலகையில் வரைந்து, பதினான்காம் லூயி, கொல்பேர், ரிக்கே என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்யவைத்தார். நம்மூருக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியை 1664இல் தொடங்கிய அதே கொல்பேர்தான்.

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். வேலை 1666இல் தொடங்கி 1681இல் முடிந்தது. பெஸியே ஊருக்குப் பக்கத்தில் ஃபோன்ஸரான் என்ற இடத்தில் எட்டுத் தொட்டிகள் படிக்கட்டுபோல இருக்கின்றன. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீர் விடுகிறார்கள். படகு தானே உயர்ந்து அடுத்த தொட்டிக்குப் போகிறது. மொத்த ஏற்றம் 21.5 மீட்டர். தொட்டியின் சுவர்கள் முட்டைபோல வளைந்திருக்கும். முதலில் நேராகக் கட்டிய சுவர் மண் அழுத்தத்தில் சரிந்துவிட்டதாம்.

ரெபுத்ர் என்ற சிற்றாற்றின் மேல் ஒரு பாலம், 1676இல் கட்டியது. அதன்மேல் சாலை இல்லை, கால்வாயே போகிறது. மேலே படகு, கீழே ஆறு!

இதைக் கட்டிய ரிக்கே பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலித்தவர். சொந்தப் பணத்தையும் கொட்டினார். திறப்பு விழாவுக்கு ஏழெட்டு மாதம் முன்பு, 1680 அக்டோபரில் இறந்துபோனார்.

என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. ஏறக்குறைய 12,000 பேர் வேலை செய்தார்கள், பெண்களும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஆட்கள் ஓடிவிடக்கூடாது என்று ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிறு, பண்டிகை, மழை நாள், நோய் வந்த நாள் எல்லாவற்றுக்கும் கூலி உண்டு.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், கட்டட வேலை ஒன்றுக்கு மஸ்டர் ரோல் எழுதினேன். மழையில் வேலை நின்றால் எல்லோர் பெயருக்கும் நேரே பூஜ்யம் போடுவேன். ஒருநாள் ஒரு சித்தாள் அம்மா, "ஐயா, மழை பெஞ்சா நான் என்ன பண்றது?" என்று கேட்டார். "ரூல் அப்படித்தாம்மா" என்றேன். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபோன்ஸரான் கதவருகே உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மாதாமாதம் என் கையால் எழுதிய பெயர். வரவேயில்லை. முசே சொல்லிக்கொடுத்த மூன்று பெயர்கள் மட்டும் இன்னும் மறக்கவில்லை.